ஜசிந்தாவின் இடத்தில் முதல் தடி

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். ஆய்வு வழிகாட்டியில் ஒரு வரி அவரை மறித்து நிறுத்தியிருந்தது.

“சேர், ‘விலை கூற மறுத்தோரின் பதில்களை நீக்கலாகாது, அந்தத் தெரிவு அவர்களுடைய பட்டியலில் இருந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்’ எண்டு ஒரு வரி கிடக்குது. மென்பொருள் இதை விடுதில்லை.”

“மென்பொருள் என்ன சொல்லுது?”

“வெறும் பெட்டியளை நீக்கட்டோ எண்டு கேக்குது.”

“வேண்டாம் எண்டு சொல்லும்.”

“சொன்னா அதிலயே நிண்டுபோகுது சேர்.”

“நிக்கட்டும். நிக்கவேண்டிய இடம் அதுதான்.”

அந்த வரியை யார் எழுதினார்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். அரசாங்க வழிகாட்டிகளுக்கு ஆசிரியர் கிடையாது. மழைபோல மேலிருந்து வரும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆனால் அந்த வரி என்னுடையது. ஓய்வுபெறும்போது எனக்குத் தந்த சுவர்க் கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. அந்த வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது எப்படி வந்தது என்று எழுதித் தரும்படி அந்த உத்தியோகத்தர் கேட்டார். இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பணிவோடு எழுதுவது வழக்கம் என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்த பணிவைச் சேவைக்காலத்திலேயே செலவழித்துவிட்டேன். மிச்சமில்லை.

நான் வேலணையில் பிறந்தவன். அப்பாவுக்குத் தெற்கே ஒரு நகரத்தில் பலசரக்குக் கடை. விளக்கு வைத்த பிறகு அவர் ஊசி விற்க மாட்டார். யாராவது கேட்டால், பெட்டி நிறைய ஊசியை வைத்துக்கொண்டு, “ஊசி இல்லை” என்பார். அப்பா பெரிய தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். பருப்பு நிறுக்கும்போது அவருடைய சுண்டுவிரலுக்கும் கொஞ்சம் நிறை இருந்தது. ஆனால் மாலையில் ஊசி இல்லை.

பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும்போது, மனிதன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் வரவு செலவைப் பார்த்து எடுக்கும் தெரிவே என்று விரிவுரையாளர் பலகை நிறைய எழுதினார். நான் எழும்பி அப்பாவின் ஊசியைப் பற்றிக் கேட்டேன்.

“மாலையில் ஊசி விற்றால் உமது தந்தையாருக்கு மனக்கிலேசம் உண்டாகிறது. அதையும் ஒரு செலவாகச் சேர்த்துக்கொள்ளும்” என்றார்.

“எவ்வளவு செலவு, சேர்?”

“ஒரு பெரிய எண்ணைப் போடும்.”

வகுப்புச் சிரித்தது. விடுமுறையில் போய் அப்பாவிடம் கேட்டேன். “நூறு மடங்கு விலை தந்தா?” அப்பா என்னைப் பார்த்த பார்வையில், படிப்புக்குச் செலவழித்த காசைப் பற்றிய கவலை தெரிந்தது. “அந்த நேரத்தில என்னட்டை ஊசி இல்லையடா” என்றார். “பெட்டிக்குள்ள இருக்கே?” “இருக்கு. ஆனா இல்லை.” அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. பட்டம், மேற்படிப்பு, திட்டமிடல் அலுவலகத்தில் நியமனம், பதவி உயர்வு எல்லாம் வரிசையாக வந்தன. அந்தப் பெரிய எண் மட்டும் தீர்க்காத கணக்காகக் கூடவே வந்தது.

எங்கள் பணிப்பாளர் சிவஞானம் ‘முடியாது’ என்ற சொல்லை அலுவலகத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. கோப்புகளை, எங்கள் பேச்சில் கோவைகளை, நின்றபடிதான் வாசிப்பார். கதிரையில் இருந்து வாசித்தால் எழுதியவன்மேல் இரக்கம் வந்துவிடுமாம். இடக்கையில் வெறுந்தேநீர், கடைவாயில் ஒரு துண்டு பனங்கட்டி, வலக்கையில் ஊசிபோலச் சீவிய பென்சில். ஏதாவது உறுத்தினால் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். கோடு கிடையாது, கேள்விக்குறி கிடையாது, சொல் கிடையாது. புள்ளி மட்டும். கோவை நம்மிடம் திரும்பி வரும். அந்தப் புள்ளி எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது எழுதியவனின் பாடு. போய்க் கேட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தபடி, “நீர் என்ன நினைக்கிறீர்?” என்பார். ஒருமுறை ஒரு புள்ளிக்காக ஒரு அறிக்கை முழுவதையும் திருத்தி எழுதினேன். பிறகுதான் அது தேநீர்த் துளி என்று தெரிந்தது. ஆனால் அறிக்கை முன்னையதைவிட நன்றாகவே வந்திருந்தது.

இனி அந்தக் கரைக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கடலுக்கு நடுவே போட்ட தாம்போதி வீதியால் தீவுப்பக்கம் வரும்போது, பரவைக்கடலில் தடிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறகு வலை. ஆழமில்லாத கடலில் தடி நட்டு, வலையை இரண்டு சிறகுபோல விரித்துக் கட்டி, இறாலையும் மீனையும் நடுவிலிருக்கும் கூட்டுக்குள் திருப்பி விடுவார்கள். எல்லா இடமும் ஒன்றல்ல. நீரோட்டம் படுகிற இடத்தில் அள்ளலாம். படாத இடத்தில் பாசிதான். அதனால் மண்டைதீவில் நான் சொல்லும் கரையில், பருவத்துக்குப் பருவம் தேவாலய முற்றத்தில் திருவுளச்சீட்டுப் போட்டு இடம் பிரிப்பார்கள். தொழிலுக்குப் போக ஆண் இல்லாத வீட்டுக்கும் சீட்டில் பெயர் உண்டு. அந்த வீட்டின் இடத்தில் மற்றவர்கள் தடி நட்டு வலை கட்டிக் கொடுப்பார்கள். படுவது அந்த வீட்டுக்கு. பருவம் தொடங்கும்போது அந்த இடத்தில் தடி நட்ட பிறகுதான் தங்கள் தங்கள் இடங்களுக்குப் போவார்கள். அந்த வருடம் அப்படி ஒரு வீடுதான் இருந்தது. கணவனை நோயில் இழந்த ஜசிந்தாவின் வீடு.

வெளிநாட்டு உதவியோடு ஒரு திட்டம் வந்தது. சீட்டை நிறுத்தி, ஒவ்வொரு இடத்துக்கும் விற்கவோ வாங்கவோ கூடிய அனுமதிப் பத்திரம் கொடுப்பது. தொழில் செய்ய ஆள் இல்லாத வீடுகளுக்கு ஒரு தொகை கொடுத்துச் சீட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவது. திட்டம் நிறைவேறினால் ஜசிந்தாவுக்குக் கடலில் இடம் இல்லை. அந்தத் தொகை முடியும்வரை சோறு, அதன் பிறகு என்ன என்று திட்டத்தில் எழுதப்படவில்லை.

திட்ட ஆலோசகர் ரமணன் கொழும்பிலிருந்து வந்த கலாநிதி. கெட்டிக்காரர், மரியாதையானவர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அதனால்தான் அவரோடு வாதிடுவது சிரமமாக இருந்தது.

“சேர், ஜசிந்தா இண்டைக்கு மற்றவையின்ர தயவில இருக்கிறா. எவ்வளவு காலத்துக்கு நட்டுக் குடுப்பினம்? இறால் நல்லா ஓடுற வருசம் வந்தா அவையவை தங்கட இடத்துக்கு ஓடுவினம். அதுக்கு முதல் அவவுக்கு ஒரு விலை கிடைக்கட்டுமே” என்றார்.

விலையைக் கண்டுபிடிப்பது என் பிரிவின் வேலை. இதற்கு ஒரு நடைமுறை உண்டு. எவ்வளவு தந்தால் விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்போம். தொகை சொன்னால் பதிவோம். சொல்லாவிட்டால் தொகையைக் கூட்டிக் கேட்போம். அதற்கும் மறுத்தால், கேள்வி விளங்கியதா என்று பார்ப்போம். விளங்கியும் மறுத்தால் அவர் கேள்வியையே எதிர்க்கிறார் என்று முடிவுசெய்து, ‘எதிர்ப்பு’ என்று குறியிட்டு, சராசரி எடுப்பதற்கு முன் நீக்கிவிடுவோம். எல்லாரையும்விடத் தெளிவாகப் பதில் சொன்னவரைப் பதில் சொல்லாதவராகக் கொள்வதே நடைமுறை. நானே இதைப் பலருக்குப் படிப்பித்திருக்கிறேன்.

ஜசிந்தாவிடம் நானே போனேன். அவர் முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கதிரை போட்டார்கள்.

“அக்கா, உங்கட இடத்தை நிரந்தரமா விட்டுக்குடுக்க எவ்வளவு கேப்பியள்?”

“எந்த இடத்தை?”

“சிறகு வலை இடத்தை.”

“இந்த முறை எது விழும் எண்டு இன்னும் சீட்டே போடேல்லையே ஐயா.”

“எது விழுந்தாலும் பரவாயில்லை. சீட்டில உங்கட பேர் வாற உரிமையைச் சொல்லுறன்.”

அவர் கத்தியை வைத்துவிட்டு வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தார். “ஞானம்மா, இஞ்ச வந்து பாருமன். திருநாளுக்கு அன்னதான வரிசையில நான் நிக்கிற இடத்தை விக்கட்டாம்.”

“விக்கிறதெண்டா எனக்குத் தாடி” என்றது வேலிக்கு அப்பால் ஒரு குரல். “நீ எப்பவும் முன்னுக்கெல்லோ நிக்கிறனீ.”

நடைமுறைப்படி தொகையைக் கூட்டிக் கேட்டேன். இன்னும் கூட்டினேன். மூன்றாம் முறை அவர் சிரிக்கவில்லை.

“ஐயா, உங்களைப் படிப்பிச்சவையிட்டைப் போய்க் கேளுங்கோ, உது விக்கிற சாமானோ எண்டு.”

கையிலிருந்த சிறு கணினியில் ‘எதிர்ப்பு’ என்று குறியிட்டேன். என்னைப் படிப்பித்தவரிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பெரிய எண்.

அடுத்தது மரியநாயகம். சீட்டுப் போடுகிறவரும் பருவத்தின் முதல் தடியை நடுகிறவரும் அவர்தான். அவருக்கும் ஜசிந்தாவுக்கும் ஒரே வேலி. ஒரே வேலி என்றால் யாழ்ப்பாணத்தவர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.

“அண்ணை, ஜசிந்தா அக்காவில உங்களுக்கு இரக்கமோ?”

“அவவிலயோ? அவவின்ர வாய்க்குப் பயந்து எங்கட நாயும் அந்தப் பக்கம் பாத்துக் குலைக்கிறேல்லை சேர்.”

“பேந்தேன் தடி நட்டுக் குடுக்கிறியள்?”

“ஆம்பிளை இல்லாத வீடெல்லோ.”

“நடாம விட்டா என்ன செய்வினம்? தெண்டம் அறவிடுவினமோ? ஊரை விட்டுத் தள்ளி வைப்பினமோ?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “அப்பிடி ஒருத்தரும் செய்யேல்லையே.”

“ஒருத்தர் செய்தா?”

“ஆர்?”

“ஆரோ ஒருத்தர். ஒரு பேச்சுக்குச் சொல்லுறன்.”

“பேச்சுக்கெண்டாலும் ஒரு பேர் வேணுமே சேர்.”

திரும்பி வரும் வழியில் தாம்போதியில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று யோசித்தேன். ஒழுக்கநெறியைக் கணக்கில் கொண்டுவர எங்களுக்கு இரண்டு வழிகளைத்தான் படிப்பித்திருந்தார்கள். மற்றவர் நன்றாக இருப்பதில் இவருக்கும் ஒரு மகிழ்ச்சி என்று வரவுப் பக்கத்தில் சேர்ப்பது ஒன்று. நெறியை மீறினால் அவமானம், தண்டனை என்று செலவுப் பக்கத்தில் சேர்ப்பது மற்றது. மரியநாயகத்துக்கு ஜசிந்தாவால் வரும் மகிழ்ச்சியை அவருடைய நாயே மறுத்துவிட்டது. தண்டனையோ, அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டிராத ஒன்று. இரண்டு பக்கமும் வெறுமை. ஆனால் தடி நடப்படுகிறது.

அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது. இருக்கு, ஆனா இல்லை. விளக்கு வைத்த பிறகு அவர் ஊசியின் விலையைக் கணக்குப் பார்த்து மறுக்கவில்லை. கணக்குத் தொடங்கும்போதே ஊசி மேசைமேல் இல்லை. நெறியைக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். கணக்குக்கு முன்னால் நிறுத்த வேண்டும். மனிதன் எதைத் தெரிவான் என்று கேட்பதற்கு முன், அவன் பட்டியலில் எவை இருக்கின்றன என்று கேட்க வேண்டும். அந்தக் கரையின் மனிதர்கள் நல்லவர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவர்கள் அந்த விஷயத்தில் தெரிவே செய்யவில்லை என்றுதான் எழுதினேன்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது ரமணன் பொறுமையாகக் கேட்டார்.

“சேர் சொல்லுறதைச் செலவுக்குள்ளயே போடலாமே. மறுத்த ஆக்களை நீக்காமல், அவையின்ர பெட்டியில ஒரு பெரிய எண்ணைப் போட்டுப் பாப்பம்.”

போட்டுப் பார்த்தோம். மற்ற வீடுகளிலும் என் பிரிவினர் கேட்டு முடித்திருந்தார்கள். மறுத்தவர்கள் பாதிக்கு மேல். சராசரி எகிறியது. அந்தக் கணக்கின்படி மண்டைதீவின் அந்தக் கரையை விற்றால் யாழ்ப்பாண நகரத்தை வாங்கி, மிச்சக் காசில் கடலைத் தூர்த்துத் தாம்போதியை அகலமாக்கலாம். கொஞ்சம் சிறிய எண்ணைப் போட்டோம். அதே ஆட்கள் அதே இடத்தைச் சந்தோசமாக விற்றார்கள். எண் எங்கள் கையில், ஊர் எண்ணின் கையில். ரமணன் ஒரு பெருமூச்சோடு, “நடைமுறைப்படி நீக்கிறதுதான் சுத்தம்” என்றார். நீக்கினால் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் தொழிலை உறவினர் கையில் விட்டு, ஊரைவிட்டுப் போய் வெளிநாட்டிலும் நகரத்திலும் இருந்தவர்கள். அவர்களுக்கு விற்பதில் ஆட்சேபணை இல்லை. ஊர் விற்கச் சம்மதம் என்று அறிக்கை தயாரானது.

நான் மாற்று அறிக்கை எழுதினேன். அதில் முக்கியமான வரி இது: ‘ஆளில்லாத வீட்டின் இடத்தில் தடி நடப்படும்வரை, சொந்த இடத்துக்குப் போதல் என்பது எவருடைய பட்டியலிலும் இல்லை.’

கோவை பணிப்பாளரிடம் போய்த் திரும்பி வந்தது. அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி.

போய்க் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார். “நீர் என்ன நினைக்கிறீர்?” கோவையைத் தூக்கிக்கொண்டு வந்து புள்ளியை விரலால் தேய்த்தேன். அது தேநீரும் அல்ல, பென்சில்தான். நன்றாகப் பார்த்துவிட்டேன்.

இரண்டு அறிக்கைகளையும் வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கூட்ட அறையின் வெண்பலகையில் எங்கள் இருவரையும் எழுதச் சொன்னார். இறால் ஓடத் தொடங்கியதும் கரையில் என்ன நடக்கும்? ரமணன் எழுதினார்: ‘ஆண்கள் தம் இடங்களுக்கு முதலில் செல்வர். ஜசிந்தாவின் இடம் கடைசியில் நடப்படும், அல்லது நடப்படாது.’ நான் எழுதினேன்: ‘முதலில் ஜசிந்தாவின் இடம். பிறகு மற்றவை.’ பணிப்பாளர் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில் ‘அழிக்கக்கூடாது’ என்று எழுதி ஒட்டினார். எவர் எழுதியது பலிக்கிறதோ அவருடைய அறிக்கை மேலே போகும்.

மாரி அந்த வருடம் கொட்டித் தீர்த்தது. சீட்டும் போட்டாகிவிட்டது. ஜசிந்தாவுக்கு நீரோட்டம் படுகிற இடமே விழுந்திருந்தது. மழை ஓய்ந்ததும், இறால் ஓடத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பணிப்பாளர், ரமணன், நான் மூவரும் காலையில் கரைக்குப் போனோம்.

தண்ணீர் வற்றிக் கிடந்தது. தடி நட அதைவிட நல்ல நேரம் இல்லை. ஜசிந்தாவின் இடத்தைப் பார்த்தேன். வெறும் தண்ணீர். ஒரு தடிகூட இல்லை.

ரமணன் முகத்தில் வெற்றியைக் காட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. “சேர், அவவின்ர இடம் வெறுமையாக் கிடக்குது” என்றார், மெதுவாக.

மனதில் வெண்பலகை தெரிந்தது. ஜசிந்தாவிடம் தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதற்கு யாரை அனுப்புவார்கள் என்று யோசித்தேன். என்னைத்தான்.

அப்போதுதான் மற்ற இடங்களைப் பார்த்தேன்.

அங்கேயும் தடி இல்லை. எங்குமே இல்லை. அக்கரையில் மற்ற ஊர்களின் தடிகள் காடுபோல நின்றன. இந்தக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒன்றும் இல்லை. திரும்பினேன். பூவரசு மரங்களின் கீழ் ஊர் ஆண்கள் எல்லாரும் தங்கள் தடிக்கட்டுகளின்மேல் குந்தியிருந்தார்கள். முகங்கள் செத்த வீட்டு முகங்கள். முந்தின நாளும் இப்படியே இருந்தார்களாம்.

“என்ன நடந்தது அண்ணை?” என்று மரியநாயகத்திடம் கேட்டேன்.

“உவவிட்டைக் கேளுங்கோ” என்று தாடையால் காட்டினார்.

ஜசிந்தா தண்ணீரின் ஓரத்தில், இடுப்பில் கைவைத்து நின்றார். விஷயம் ஆட்டில் தொடங்கியிருந்தது. மரியநாயகத்தின் ஆடு வேலிக்குள்ளால் புகுந்து ஜசிந்தாவின் முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது. ஜசிந்தா சத்தம் போட, இவர், “உன்ர மனுசன் கட்டின வேலிதானே, ஆடு என்ன, ஆனையே வரும்” என்று சொல்லிவிட்டார்.

“என்ர மனுசனுக்கு வேலி கட்டத் தெரியாதெண்டு சொன்ன வாயோட, அந்த மனுசன்ர இடத்தில இவர் தடி நடக்கூடாது” என்றார் ஜசிந்தா. “நட்டா நானே பிடுங்கி எறிவன்.”

“அப்ப வேற ஆரும் நடலாமே?” என்று ரமணன் கேட்டார்.

“இவரின்ர சொல்லுக்கு ஆடுற ஒருத்தரும் நடக்கூடாது.”

“ஊரில எல்லாரும் அவரின்ர சொல்லுக்குத்தானே?”

“ஓம். அதுதான் ஒருத்தரும் வேண்டாம்.”

ரமணனுக்கு ஒரு வழி தெரிந்தது. மரியநாயகத்திடம் திரும்பினார். “அண்ணை, அவவே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. இனி உங்களில பிழை இல்லை. நீங்கள் எல்லாரும் உங்கட உங்கட இடத்துக்குப் போகலாம்தானே?”

“போகலாம்” என்றார் மரியநாயகம்.

“அப்ப ஏன் போகேல்லை?”

“அவவின்ர இடத்தில தடி நிக்கேல்லையே. பேந்து எப்பிடிப் போறது?”

“ஆனா போகலாம் எண்டு இப்பதானே சொன்னனீங்கள்.”

“போகலாம் சேர். ஆனா எப்பிடிப் போறது?”

தடிக்கட்டில் இருந்த ஒருவர், “இறால் எல்லாம் அக்கரைக்குப் போகுது. இந்த மனுசியாலயும் இந்த ஆட்டாலயும் ஊரே பட்டினி கிடக்கப்போகுது” என்று ஜசிந்தாவின் காதில் விழும்படி சொன்னார். சொல்லிவிட்டு, எழும்பவில்லை. ஜசிந்தா, “ஆட்டைப் பிடிச்சு வலை கட்டு” என்றார். அதற்கும் ஒருவரும் எழும்பவில்லை. நான் என் வாழ்க்கையில் பல அழகான கடல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வெறுங்கடலைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

மனம் நானே எழுதிய வரிக்குப் போனது. ‘தடி நடப்படும்வரை, சொந்த இடத்துக்குப் போதல் எவருடைய பட்டியலிலும் இல்லை.’ ஜசிந்தாவே தடுத்தால்? வரியில் பதில் இருந்தது. யாரும் போக மாட்டார்கள். வெண்பலகையில் நான் எழுதியதைவிட, அறிக்கையில் நான் எழுதிய வரி அதிகம் அறிந்திருந்தது. அந்த ஓரப் புள்ளி இதைத்தான் கேட்டதா? பக்கத்தில் நின்ற பணிப்பாளரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைத்து முடித்துக் கண்ணாடியைச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளை ஒவ்வொன்றாக மடித்து அதற்குள் வைத்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கோவை வாசிக்கும் அதே நிதானம்.

“பிள்ளை, நான் இந்த ஊரில்லை. மரியநாயகத்தின்ர சொல்லுக்கு ஆடுற ஆளும் இல்லை. நான் நட்டா உமக்கு ஆட்சேபணை இருக்கோ?” என்றார் ஜசிந்தாவிடம்.

ஜசிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு நடத் தெரியுமோ ஐயா?”

“தெரியாது.”

“அப்ப நடுங்கோ.”

மரியநாயகத்தைப் பார்த்தேன். மறுப்பாரோ என்று பயந்தேன். அவர் எழும்பி, தன் தடிக்கட்டிலிருந்து நல்ல தடியாக ஒன்றைத் தெரிந்து பணிப்பாளரிடம் கொடுத்தார். “அவவின்ர இடத்தில தடி நிண்டாச் சரி. ஆர் நட்டா என்ன.”

பணிப்பாளர் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால்வரை சுருட்டியது வீண். இடுப்புவரை நனைந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் இடத்தைத் தாண்டிப் போய்விட, கரையில் நின்ற ஊர் முழுவதும், “இஞ்சால, இஞ்சால” என்று திருப்பி எடுத்தது. இரண்டு கையாலும் பிடித்து, உன்னி, சேற்றில் இறக்கினார். கையை விட்டதும் தடி மெல்லச் சரிந்து, அக்கரையை எட்டிப் பார்ப்பதுபோலக் கோணலாக நின்றது.

மரியநாயகம் நாடியைச் சொறிந்தார்.

“உதென்ன, உன்ர மனுசன் நட்டதுபோலயே நிக்குது” என்றார்.

ஜசிந்தாவின் முகம் ஏதோ செய்தது. அடுத்த கணம் அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

“ஓம். அந்த மனுசனும் உப்பிடித்தான் நடும். ஒருநாளும் நேரா நட்டதில்லை.”

“நிமித்தி விடட்டோ?” என்றார் மரியநாயகம்.

“தொடாதையுங்கோ. அது அப்பிடியே நிக்கட்டும். மிச்சத்தை நடுங்கோ.”

அதற்குப் பிறகு பூவரசுக்குக் கீழே யாரும் இல்லை. மரியநாயகமும் மற்றவர்களும் ஜசிந்தாவின் இடத்தை முழுதாக நட்டுக் கட்டி முடித்தார்கள். பிறகு ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு தங்கள் இடங்களுக்கு ஓடினார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் கரை முழுவதும் தடி நின்றது. ரமணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சேர், இதைச் சமன்பாட்டில எங்க போடுறது?”

“போடாதையுங்கோ. சமன்பாடு தொடங்க முதல் பட்டியல்ல இருந்து எடுங்கோ.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவர் நேரே கூட்ட அறைக்குப் போய், தான் எழுதியதைத் தன் கையாலேயே அழித்தார். நேர்மையான மனிதர். என்னுடையதையும் அழித்தார், அதுவும் நியாயம்தான். வரிசை பலித்தாலும், ஊரே தடியோடு காத்திருக்கும் என்று அது சொல்லவில்லையே. மேலே போனது என்னுடைய அறிக்கை. அனுமதிப் பத்திரம் விற்கும் யோசனை கைவிடப்பட்டது. சீட்டு இருந்தபடியே இருக்க, உதவிப் பணத்தில் கரைக்கு ஒரு இறங்குதுறையும் வலை உலர்த்த ஒரு கொட்டகையும் வந்தன. ஜசிந்தாவின் பெயரை யாரும் எங்கிருந்தும் எடுக்கவில்லை. வழிகாட்டியைத் திருத்தும் வேளை வந்தபோது அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினேன். பணிப்பாளர் நின்றபடியே வாசித்தார். கோவை திரும்பி வந்தபோது ஓரங்கள் வெறுமையாக இருந்தன. என் சேவைக்காலத்தில் புள்ளி இல்லாமல் திரும்பிய ஒரே பக்கம் அதுதான். அதைப் படியெடுத்து வைத்திருக்கிறேன், சட்டம் போட்டு.

அந்தப் பழைய புள்ளியைப் பற்றி அவரிடம் ஒருமுறை நேரே கேட்டேன். “அவ மறுத்தா என்ன நடக்கும் எண்டு அப்பவே யோசிச்சனீங்களோ சேர்?” கண்ணாடியைக் கழற்றினார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த பருவம் தொடங்கியபோது வேறு வேலையாக அந்தக் கரைப்பக்கம் போனேன். சீட்டில் ஜசிந்தாவுக்கு அந்த முறை வேறு இடம் விழுந்திருந்தது. தடிகள் எல்லாம் நூல் பிடித்ததுபோல நின்றன. ஜசிந்தாவின் இடத்தில் முதல் தடி மட்டும் கோணலாக, அக்கரையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. மரியநாயகம் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாயும் பக்கத்தில் படுத்திருந்தது.

“அண்ணை, இந்த முறையும் ஆரும் வெளியாள் வந்து நட்டதோ?”

“இல்லையே. நான்தான் நட்டனான்.”

“பேந்தேன் கோணலா நட்டிருக்கிறியள்?”

கேள்வி விளங்காதவர்போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த இடத்தில முதல் தடி அப்பிடித்தான் சேர் நடுறது.”